மலைக்குப் போகும் வண்டி

செப்டம்பர் 14, ஞாயிறு

இல்லை, கார் விற்பதற்கு இல்லை. ஓட்டுவதற்கு. அம்மா ஓட்டுவதற்கு. நாளை பக்கத்து வீட்டில் கேட்பார்கள், இப்படித்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நன்றாக இருந்தது.

அம்மாவுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை. இடம் வால்பாறையையும் தாண்டி ஒரு எஸ்டேட். காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபர் ஆறாம் தேதி பள்ளி திறக்கும்போது அங்கே போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால், பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறாள். முதல் தடவை எனக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. அடுத்த தடவை அப்பாவுக்கு மூட்டு அறுவை. இந்தத் தடவை வீட்டில் காரணம் எதுவும் மிச்சமில்லை. அதனால் அப்பா வண்டியைக் காரணமாகக் கையில் எடுத்தார்.

“பஸ்ல நீ மூணாவது பெண்டுலயே வாந்தி எடுப்பே. டாக்சி வெச்சாலும் அதே கததான். நீயே ஓட்டுனாத்தான் உனக்கு ஒண்ணும் ஆகறதில்ல. ஓட்டறதுக்கு வண்டி எங்க இருக்குது? பின்னால பட்ட ஒடஞ்சு கெடக்குது. எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரு சாந்தா.”

அம்மா இட்லியை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“வண்டி ஓடுனா?”

“ஓடுனா போ. நானா வேண்டாங்கறேன்?”

“நான் சரி பண்றேன்” என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் என்று தெரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். மார்ச்சில் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டு ஹைதராபாத்திலிருந்து வந்ததிலிருந்து இந்த வீட்டில் நான் எதையும் சரி செய்வதாகச் சொன்னதில்லை.

செப்டம்பர் 15

அப்பா சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பட்டறைக்காரர்கள் இருவர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டார்கள். ஒருவர் தீபாவளி கழியட்டும் என்றார். மற்றவர் எடைக்குப் போடச் சொன்னார். இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் உயிரோடு இருக்கின்றன. வண்டிதான் இல்லை.

செப்டம்பர் 16

அம்பாசிடரின் அடியில் பழைய பாயை விரித்துப் படுத்தேன். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தாயிற்று. பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, சட்டத்துக்குக் கீழே தென்னங்கட்டைகள். பொள்ளாச்சியில் இதற்கு மட்டும் பஞ்சமில்லை.

மேலே பார்க்கும்போது வண்டி என்பது பெயின்ட்டும் கண்ணாடியும். கீழே எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. எஞ்சின் சுற்றுகிறது. அந்தச் சுற்றை ஒரு நீண்ட இரும்புக் குழாய் பின் அச்சுக்குக் கொண்டு போகிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட். எஞ்சின் தன் இடத்தில் நிற்கும். பின் அச்சோ பள்ளத்துக்குப் பள்ளம் பட்டைகளின் மேல், வில்லாக வளைந்த தகட்டு அடுக்குகளின் மேல், ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற குழாய் வளைந்துகொடுக்கவும் வேண்டும், சுற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். அதனால் இரு முனையிலும் ஒவ்வொரு ஜாயிண்ட்.

இதைப் புரிந்துகொண்டபோது படுத்தபடியே சிரித்துவிட்டேன். மூன்று வருடம் நூலகத்தில் இருந்தேன், இப்படி ஒருநாளும் சிரித்ததில்லை.

நோய்கள்: இடது பட்டையின் முதல் தகட்டில், முனையில் சுருண்டிருக்கும் காதுக்குப் பக்கத்தில் விரிசல். பட்டையைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் பொடி. ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் இல்லை. பின் ஜாயிண்ட்டைக் கையால் அசைத்தால் ஒரு பக்கம் கரகரக்கிறது, இன்னொரு பக்கம் அசையவே மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 18

வீடியோக்கள். ஏதோ ஒரு நாட்டில் ஒரு கிழவர் இதே வகை ஜாயிண்ட்டைக் கழற்றுகிறார். பேசுவதே இல்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. நான்கு தடவை பார்த்தேன்.

ஆய்வு வழிகாட்டியிடமிருந்து இரண்டு அழைப்புகள். கை முழுக்க கிரீஸ். எடுக்க முடியவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஜெஸிந்தா டீச்சர் வந்தார். அம்மாவின் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் இருந்தது.

பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளின் நட்டுகள் அசையவில்லை. மூன்று நாளாக டீசல் ஊற்றி ஊற வைத்தும் அசையவில்லை. ஸ்பேனரின் வாலில் பழைய போர் பம்பின் குழாயைச் சொருகி நீட்டினேன். தொங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

“தள்ளு புள்ள” என்றார் டீச்சர். “படிச்சு படிச்சு ஒடம்புல ஒண்ணுமில்ல உனக்கு. மணி டீச்சர், இவளுக்கு என்னதான் போடறீங்க?”

“போடறதத் தின்னாத்தான?” என்றாள் அம்மா. சாந்தாமணி என்கிற அம்மாவை அந்தப் பள்ளி முழுவதும் மணி டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

ஜெஸிந்தா டீச்சர் சேலையைத் தூக்கிச் சொருகி, குழாயின் மேல் ஏறி நின்றார். நின்று லேசாகக் குதித்தார்.

டொக்.

எங்கள் மூவருக்கும் நட்டு உடைந்துவிட்டதென்று தோன்றியது. குனிந்து பார்த்தேன். உடையவில்லை. திரும்பியிருக்கிறது. நான் கத்திய கத்தலில் அப்பா செய்தித்தாளோடு வெளியே வந்தார்.

“என்ன, கால் நசுங்கிருச்சா?”

“நட்டு கழண்டுருச்சுப்பா!”

“கழட்டறதுக்கு எவனாலயும் முடியும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆனால் உடனே போகவில்லை. ஒரு நட்டு முழுதாகக் கழன்று வரும்வரை நின்றிருந்தார்.

செப்டம்பர் 23

பட்டை இரண்டும் கீழே. ஆட்டோவில் போட்டு வெங்கடேசா காலனிப் பக்கம் பட்டை அடிக்கும் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“வண்டிக்காரரு எங்கீங்க?”

“நான்தான்.”

“இல்லீங் அம்மணி, கழட்டுன ஆளு?”

“நான்தாங்க.”

அவர் என் நகங்களைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது நானும் என் நகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெட்கம் இல்லை. அதற்கு நேர் எதிரான ஒன்று.

செப்டம்பர் 25

புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே வந்துவிட்டது!

தூக்கினால் ஒரு பெரிய குழந்தையின் கனம். அது ஒரே குழாய் இல்லை, இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழைகிறது. நுழையும் இடத்தில் சுற்றிலும் பற்கள். வண்டி குலுங்கும்போது நீள, சுருங்க. வீடியோக் கிழவர் பிரிக்கும் முன்பு இரண்டு துண்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டார். மறுபடி கோர்க்கும்போது அதே பல்லில் கோர்க்க வேண்டும். மாறினால் முன் ஜாயிண்ட்டும் பின் ஜாயிண்ட்டும் வேறு வேறு பக்கம் பார்க்கும், ஷாஃப்ட் உதறும். கம்பெனி போட்ட அடையாளம் எங்களுடையதில் துருவில் போய்விட்டது. நானும் கோடு போட்டேன். டீச்சர் வீடு, சாக்பீசுக்கு என்ன குறை. பச்சை சாக்பீஸ், தெளிவான கோடு. பிறகு பிரித்தேன்.

ஜாயிண்ட்டின் தொப்பி போன்ற குமிழ்களைக் கழற்றியபோது உள்ளே ஊசி ஊசியாக இருக்க வேண்டிய உருளைகள் துருவேறிச் செந்தூளாகக் கொட்டின. இந்தத் தூளின் மேல்தான் கடைசியாக வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

செப்டம்பர் 27

விடுமுறை தொடங்கிவிட்டது. அம்மா நாள் முழுவதும் வீட்டில். ஒரு டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். குக்கர், சின்னது. ஒரு தட்டு. ஒரு டம்ளர். ஒரு போர்வை.

என்னுடையதை மறந்துவிட்டாள். கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். எஸ்டேட்டில் கடை இருக்காது என்கிறார்கள், புத்தகங்கள் எவை எவை என்று நானும் யோசிக்க வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பட்டைகள் வந்தன. புதுத் தகடு போட்டு, வளைவு கொடுத்து, கறுப்பு பெயின்ட் அடித்து. அழகு. தொட்டால் கையில் ஒட்டும் என்று தெரிந்தும் தொட்டேன்.

செப்டம்பர் 30

புது ஜாயிண்ட் பூட்டினோம். நானும் அம்மாவும். ஒவ்வொரு குமிழிலும் ஊசி உருளைகளைக் கிரீசில் ஒட்டி வரிசையாக நிறுத்த வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் குமிழ் இறங்காது. அம்மா கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, பூத்தொடுப்பது போலச் செய்தாள். என்னைவிட வேகம்.

“அங்க குளுருமாம்மா?”

“குளுரும்.”

“எனக்கு ஸ்வெட்டர் இல்ல.”

அடுத்த குமிழை நீட்டினாள். வாங்கி வைத்து, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். இறங்கியது. லாக்கைப் போட்டேன். ஜாயிண்ட்டைச் சுண்டினால் எந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போகிறது, ஒரு சத்தம் இல்லை.

“பாரும்மா!”

“ம். நல்லா பண்ணிட்டே சாமி” என்றாள். ஸ்வெட்டரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. காதில் விழவில்லை போல.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

காலையில் பொரி, பூசணிக்காய், வாழைக்கன்று வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கூட்டம். திரும்பி வந்தபோது ஷெட்டில் அப்பா குந்தியிருந்தார். பனியன் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கை இரண்டும் முழங்கை வரை கறுப்பு.

வாழை இலைகள் வரிசையாக விரிக்கப்பட்டு, என் வண்டியின் பாகங்கள் அனைத்தும் அவற்றின் மேல். டீசலால் கழுவி, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, மறுபடி தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து. பட்டைகளுக்குச் சந்தனத்தில் மூன்று கோடு. ஸ்பேனர்களுக்குப் பொட்டு. ஜாக்கிக்கு ஒரு முழம் பூ. ஷாஃப்ட்டின் இரண்டு துண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில், மணமக்கள் மாதிரி.

“சாமிக்கு வைக்கறப்ப அழுக்கோட வைக்க முடியுமா?” என்றார் அப்பா. முகம் முழுக்கச் சிரிப்பு. கரண்ட் ஆபீசில் இருந்த காலம் முழுவதும் பூஜை அவர் பொறுப்பு. ஓய்வு பெற்றபின் வீட்டில் கழுவ ஒரு ஸ்கூட்டரும் ஒரு அரிவாள்மணையும்தான் இருந்தன. “இந்த வருசந்தான் பூஜ பூஜயாட்ட இருக்குது.”

பச்சைக் கோட்டைத் தேடினேன். பளபளவென்று இரும்பு.

நாளைவரை எதையும் தொடக்கூடாது. சாமி முன்னால் இருக்கிறது எல்லாம்.

வேண்டுமென்றே செய்திருப்பாரா? இல்லை. வேண்டுமென்றே செய்கிறவர் போல்ட்டுக்குப் போல்ட்டு குங்குமம் வைக்க மாட்டார். கற்பூரம் காட்டினார். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள், வெகுநேரம். பொரியும் கடலையும் தின்றோம். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 2

விஜயதசமி. பூஜையைக் கலைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். பட்டைகள் ஏறின. புது ஷாக் அப்சார்பர்கள் ஏறின. பட்டையின் காதுப் போல்ட்டுகளை மட்டும் இறுக்காமல் விட்டேன். சக்கரம் மாட்டி, வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி இறுக்கினால் புது ரப்பர் முறுகிக் கிழியும். தரையில் இறக்கியபோது வண்டி நேராக நின்றது. ஒன்றரை வருடம் இடுப்பு ஒடிந்தவள் போலச் சாய்ந்து கிடந்தது. நேராக!

இறுக்கினேன். அடியிலிருந்து வெளியே வரும்போது தலையில் குங்குமம் கொட்டியது.

அக்டோபர் 3

ஷாஃப்ட். பழைய கிரீஸ் கறை பற்களுக்கு நடுவே கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை வைத்துக் குத்துமதிப்பாகக் கோர்த்தேன். பின் அச்சுக்குப் புது எண்ணெய். பிரேக் ரப்பர்களை மாற்றி, ஒருவர் மிதிக்க ஒருவர் காற்றெடுத்தோம். பிரேக் கல் போல நிற்கிறது. நாளை ஓட்டிப் பார்க்கிறோம். தூக்கம் வராது என்று தெரிகிறது.

அக்டோபர் 4, சனி

காலை.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதுவரை இங்கே எழுதவில்லை, அதற்கான சந்தர்ப்பம் வரவில்லை. அம்மா ஓட்டினாள். நான் பக்கத்தில். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினோம். தெருவே நின்று பார்த்தது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஒரு கிறீச் இல்லை, ஒரு தடக் இல்லை. மீன்கரை ரோட்டுக்கு வந்ததும் நான் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினேன், சின்னப் பிள்ளை மாதிரி.

அம்மா நான்காவது கியரைப் போட்டு மிதித்தாள்.

தரை உதறத் தொடங்கியது. பிறகு சீட். பிறகு கண்ணாடி, அம்மாவின் மூக்குக் கண்ணாடி, என் பற்கள். வேகத்தைக் குறைத்தால் உதறல் நிற்கிறது. கூட்டினால் வருகிறது. பேசாமல் திரும்பினோம்.

அப்பா கேட்டில் நின்றிருந்தார்.

“என்னாச்சு?”

“ஒதறுதுங்க” என்றாள் அம்மா.

“மலைல ஏறறப்ப ஒதறுனா?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எழுதிக் குடுத்துரு சாந்தா. இதுல ஒண்ணும் கேவலமில்ல. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்குது.”

அம்மா கைகழுவினாள். பீரோவிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ‘அனுப்புநர்’ என்று எழுதினாள். அவள் கையெழுத்து எப்போதும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி. தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

“அப்பா, நான் சாக்பீஸ்ல கோடு போட்டிருந்தேன்.”

“எங்க?”

“ஷாஃப்ட்ல. ரெண்டு துண்டும் சேர்ற எடத்துல. அதே மாதிரி திருப்பிக் கோக்கறதுக்கு. நீங்க பூஜைக்குக் கழுவுனதுல போயிருச்சு.”

அப்பா தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது.

“அழுக்குன்னு நெனச்சேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் அன்னைக்கே ஏன் கண்ணு சொல்லல?”

ஒன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். காரணம் அங்கே எழுதியிருக்கவில்லை.

மாலை.

வேகமாக எழுதுகிறேன்.

ஒரு கேள்விதான்: கோடு இல்லாமல் சரியான பல்லைக் கண்டுபிடிப்பது எப்படி. கோடு எதற்காக? இரு ஜாயிண்ட்டுகளும் ஒரே பக்கம் பார்ப்பதற்காக. அப்படியானால் கோடு எதற்கு? பார்த்துவிட்டால் போதுமே! பழைய நிலை என்ன என்று ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேனே தவிர, சரியான நிலை எது என்று யோசிக்கவே இல்லை. மூன்று வருடம் ஆய்வில் செய்ததும் இதுதான்.

ஷாஃப்ட்டை மறுபடி இறக்கினேன். இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தினேன். முன் ஜாயிண்ட்டைத் தாங்கும் இரண்டு காதுகளின் மேல் ஒரு மர ஸ்கேலைக் கட்டினேன். பின் ஜாயிண்ட்டின் காதுகளின் மேல் இன்னொன்று. ஒரு முனையில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு ஸ்கேல் மற்றதை மறைக்க வேண்டும். என் கண்ணுக்கு எல்லாம் நேராகத் தெரிந்தது, எல்லாம் கோணலாகவும் தெரிந்தது. ஜெஸிந்தா டீச்சருக்கு போன் செய்தேன். ஸ்கூட்டியை நிறுத்தாமலேயே இறங்கிய மாதிரி வந்தார்.

“பிரேயர்ல ஆறாவது புள்ள அர அடி தள்ளி நின்னாக்கூட நான் கண்டுபுடிச்சிருவேன். இது என்ன பெரிய இது” என்று தரையில் சப்பணமிட்டு ஒரு கண்ணை மூடினார்.

ஷாஃப்ட்டின் ஒரு துண்டைப் பிடித்து இழுத்து, ஒரு பல் நகர்த்தி, திரும்பச் சொருக ஆள் வேண்டும். நான் பின்முனையை அசையாமல் பிடித்திருந்தேன். அம்மா உள்ளே மேசையில். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு மூட்டு மடங்காது. ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“இழுங்க சார். எடது பக்கம் ஒரு பல்லு.”

“இப்பிடியா?”

“உங்க எடது இல்லீங் சார், என் எடது. ம். இன்னொரு பல்லு. உங்க புத்தியப் போலவே கோணலா நிக்குது பாருங்க.”

“டீச்சர், வாயக் கொஞ்சம்…”

“கையப் பாருங்க சார், வாயப் பாக்காதீங்க. இன்னொண்ணு. இன்னும் கொஞ்சூண்டு.”

விசில் அடித்தது. அப்பா அப்படியே உறைந்தார், பள்ளிக்கூடப் பையனைப் போல.

“நில்லு! அசையாதீங்க. ரெண்டும் ஒண்ணாயிருச்சு. முகை, வந்து பாரு.”

பார்த்தேன். ஒரே ஒரு ஸ்கேல்தான் இருந்தது.

மாட்டி முடிக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. அம்மா வாசலுக்கு வந்தாள். என் கையைப் பார்த்துவிட்டு, கையில் வைத்திருந்த தாளை நீட்டினாள். “தொடச்சுக்கோ.” அனுப்புநருக்குக் கீழே அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. துடைத்துக்கொண்டேன்.

மறுபடி மீன்கரை ரோடு. பின் சீட்டில் ஜெஸிந்தா டீச்சர். அம்மா மிதித்தாள். காலையில் உதறத் தொடங்கிய வேகம் வந்தது. போனது. தரையில் உள்ளங்காலை அழுத்தி வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. ஓடுகிற சத்தம் மட்டும். திரும்ப வேண்டிய இடம் வந்தது, அம்மா திரும்பவில்லை. அதற்கடுத்த இடமும் போனது.

“எங்கம்மா போறே?”

“சும்மா” என்றாள். அவள் சிரித்ததை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்கானது இல்லை, யாருக்கானதும் இல்லை. பின்னாலிருந்து விசில் அடித்துக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

எஸ்டேட் குவார்ட்டர்ஸிலிருந்து எழுதுகிறேன். ஏறிவிட்டோம்.

காலையில் அப்பாதான் கேட்டைத் திறந்தார். “ஸ்டெப்னில காத்துப் பாத்தியா? எறக்கத்துல கியர எடுத்தராத. ஒவ்வொரு பெண்டுக்கும் ஹாரன் அடி” என்று அம்மாவின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “செரிங்க, செரிங்க” என்றாள் அம்மா. சொல்லி முடித்த பிறகும் ஜன்னலை விடவில்லை. பிறகு விட்டார்.

ஆழியாறு தாண்டி மலை தொடங்கியதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். முதல் வளைவு. இரண்டாவது கியர், ஹாரன், முழுக்க ஒடித்து, நிமிர்த்தி. அடியில் என் பட்டைகள் சாய்ந்து எழுவது எனக்குத் தெரிந்தது. என் ஜாயிண்ட் வளைந்து வளைந்து சுற்றுவது தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டினேன், பத்து வளைவுக்குப் பிறகு மறந்துவிட்டேன், வரையாடு ஒன்று தடுப்புச் சுவரில் நின்று எங்களைப் பார்த்தது, மேகம் ரோட்டுக்குள் வந்தது, அம்மா லைட்டைப் போட்டாள். பஸ் ஒன்று எதிரே இறங்கியது. டிரைவர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அம்மாவும் தூக்கினாள், தினமும் வருகிறவள் போல.

சிக்னல் கிடைத்த இடத்தில் அப்பா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏறுச்சா?”

“ஏறிருச்சுங்க.”

“ஹீட் ஆச்சா?”

“இல்லீங்க.”

“ம்.”

யாரும் போனை வைக்கவில்லை. மூன்று பேரும் கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு கட்டில். ஜன்னலுக்கு வெளியே தேயிலை. அரிசி களைந்து வைத்துவிட்டு அம்மா சொன்னாள்.

“காலைல ஏழரைக்கு பஸ் இருக்குதாம், பொள்ளாச்சிக்கு.”

“நான் இங்கயே இருக்கேனேம்மா. கொஞ்ச நாள்.”

அவள் அடுப்பைக் குறைத்தாள்.

“முகை. நான் இத்தன வருசமா மூணு பேருக்குச் சோறாக்குனவ. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசின்னு எனக்குத் தெரியாது தெரியுமா? இப்பக்கூட மூணு பேத்துக்குத்தான் போட்டிருக்கேன்.” சிரித்தாள். “அதக் கண்டுபுடிக்கோணும். நீ இருந்தா உன்னயப் பாத்துட்டே இருப்பேன். நீயும் அதுக்குத்தான வர்றேங்கறே?”

நான் அந்த ஒரே தட்டைக் கழுவி வைத்தேன்.

“வண்டிய நீதான் ஓட வெச்சே. வேற யாரும் இல்ல. அது எனக்குத் தெரியும் சாமி.”

சோறு நிறைய மிஞ்சியது.

அக்டோபர் 6

காலையில் அம்மா வெளிர்நீலச் சேலை கட்டினாள். பஸ் நிற்கும் இடம்வரை கொண்டு வந்து விட்டாள். இறங்கி ஜன்னலோரமாகப் போய் நின்றேன். “உங்கப்பனுக்கு குக்கர் வெக்கத் தெரியும், தெரியாத மாதிரி நடிப்பாரு, ஏமாந்தராதே” என்றாள். அவ்வளவுதான். வண்டியைத் திருப்ப அந்தக் குறுகலான ரோட்டில் மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. யாரும் இறங்கிப் பின்னால் நின்று வழி சொல்லவில்லை. தேயிலைக்கு நடுவே வண்டியின் சாம்பல் நிறக் கூரை கொஞ்ச தூரம் தெரிந்தது, வளைவில் ஹாரன் கேட்டது, பிறகு கூரை தெரியவில்லை, ஹாரன் மட்டும் இன்னொரு முறை.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. கீழே வரும்வரை அவர் எந்த வளைவில் எந்தக் கியர் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

பொள்ளாச்சியில் இறங்கி டீ குடித்தேன். பிறகு கோட்டூர் ரோட்டில் இருக்கும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். நாளை காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள்.